வீட்டு மீன் தொட்டியில் திடீர்ச் சாவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கானது இது. கடல்நீர்த் தொட்டிக்குக் கணக்கே வேறு. கேள்விகள் பெரும்பாலும் சென்னைப் பக்கத்து வீடுகளிலிருந்து வருபவை என்பதால் மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கத்திரி வெயில், கரண்ட் கட் எல்லாம் உள்ளே வரும்.

காலையில் எழுந்து பார்த்தால் நாலைந்து மீன் மிதக்கிறது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. முதலில் என்ன செய்வது?

மருந்து பாட்டிலை எடுக்காதீர்கள். இந்த நிலையில் ஊற்றும் மருந்து, மிச்சமிருக்கும் மீன்களையும் கொண்டுபோய்விடும். பல மருந்துகள் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைக் குறைப்பவை, செவுளையும் எரிச்சலூட்டுபவை.

செத்த மீன்களை எடுத்துவிடுங்கள். ஏர் பம்ப் இருந்தால் முழு வேகத்தில் வையுங்கள், இல்லையென்றால் ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். தீனி வேண்டாம்; பெரிய மீன் இரண்டு மூன்று நாள் பட்டினியில் சாகாது. தொட்டித் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்துத் தனியாக வைத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குளோரின் நீக்கிய தண்ணீர் மாற்றுங்கள். பாட்டில் எதற்கு என்றால், பிறகு அம்மோனியா, நைட்ரைட், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) பார்க்க. தண்ணீரை மாற்றிய பின் சோதித்தால் குற்றவாளி பாதி தப்பித்திருப்பான்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத பழைய தொட்டி என்றால் பாதியை ஒரேயடியாக மாற்ற வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

தண்ணீர்க் கோளாறா, நோயா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செத்த விதத்தைப் பாருங்கள். பாதிக் கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

பலவகை மீன்கள் ஒரே நாளில், உடம்பில் புள்ளியோ புண்ணோ இல்லாமல் செத்தால் அது நோய் இல்லை, தண்ணீர். எந்த நோயும் கப்பி, ஏஞ்சல், டெட்ரா என்று எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் சேர்த்து அடிப்பதில்லை. இரண்டு நாளைக்கு ஒன்று, அதுவும் ஒரே வகையில் அல்லது புதிதாக வாங்கிய கூட்டத்தில் சாகிறது என்றால் நோய்ப் பக்கம் சந்தேகம் போகலாம்.

விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் செத்து, கௌராமியும் ஃபைட்டரும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறை. இவை இரண்டும் மேலே வந்து காற்றை நேராகவே சுவாசிக்கக்கூடியவை. செடி நிறைய உள்ள தொட்டியில் இது இன்னும் நடக்கும். வெளிச்சம் இல்லாத நேரத்தில் செடியும் மீனோடு போட்டியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது, தருவதில்லை. இறாலும் நத்தையும் முதலில் செத்து மீன் பிழைத்திருந்தால் செம்பு கலந்த மருந்தையோ பூச்சிமருந்தையோ நினையுங்கள்.

அப்புறம் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். இப்போதுதான் செத்த மீனாக இருக்க வேண்டும், மணிக்கணக்கில் மிதந்தது உதவாது. நல்ல சிவப்பு என்றால் சரி. காப்பிக் கஷாய நிறத்தில் பழுப்பாக இருந்தால் நைட்ரைட். வெளிறிப்போய் சளி அப்பியிருந்தால் ஒட்டுண்ணியோ குளோரினோ இருக்கலாம்.

புதுத் தொட்டி, வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சாகிறதே?

தண்ணீர் தெளிவாக இருப்பதற்கும் நல்லதாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது.

மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது, இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் விஷம், கடைசியானது பெரும்பாலும் தொந்தரவில்லை. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடையில் தொட்டி, கல், பத்து மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்து அனுப்பினால், அந்தப் பத்து மீனும் பாக்டீரியா வருவதற்கு முன்பே வந்துவிட்ட விருந்தாளிகள். (இரண்டு வேலையையும் தனியாளாகச் செய்யும் நைட்ரோஸ்பைரா பாக்டீரியா உண்டு என்று 2015-இல்தான் தெரியவந்தது, அதில் ஒரு கண்டுபிடிப்பு மீன்வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டரிலிருந்தே வந்தது.)

அம்மோனியாவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. டெஸ்ட் கிட் காட்டுவது மொத்த அளவு. அதில் எவ்வளவு விஷ வடிவில் இருக்கிறது என்பதை பி.எச்.-தான் தீர்மானிக்கிறது. 28 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷம். பி.எச். 8 என்றால் ஆறேழு சதவீதம். போர் தண்ணீர் வீடுகளில் பெரும்பாலும் பி.எச். மேலேதான் இருக்கும். அதனால்தான் ஒரே அளவு அம்மோனியாவை ஒரு வீட்டு மீன் தாங்குகிறது, பக்கத்து வீட்டு மீன் தாங்குவதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: தீனியைக் கால்வாசியாகக் குறையுங்கள். தினமும் நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறியிருந்தால் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு போடலாம். உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் ரத்தத்துக்குள் போவதைத் தடுக்கிறது. நண்பர் வீட்டு ஆரோக்கியமான தொட்டியிலிருந்து பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது. புது மீன் வாங்கி எண்ணிக்கையைச் சரிக்கட்டுவது மட்டும் கூடவே கூடாது.

மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, கல், ஃபில்டர் எல்லாம் தேய்த்துக் கழுவுகிறோம். இவ்வளவு சுத்தமாக வைத்தும் சாகிறதே?

அதனால்தான் சாகிறது. ஒவ்வொரு மாதமும் மேலே சொன்ன புதுத் தொட்டியை நீங்களே உருவாக்குகிறீர்கள். பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்து அதில் இரண்டு முறை பிழிந்தால் போதும், அழுக்கு கொஞ்சம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றம், அடிக்கல்லில் உள்ள கழிவை டியூப் வைத்து உறிஞ்சுவது. அவ்வளவுதான் வேலை.

மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் – எது நல்லது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு.

குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின். இந்தியக் குடிநீர்த் தர அளவுப்படி நம் வீட்டுக்கு வரும்போது லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தொல்லை. மழைக்காலத்தில் கூடுதலாகக் கலப்பார்கள், அப்போது வழக்கமான ஆன்டி குளோரின் சொட்டுகள் போதாமல் போகும். அபார்ட்மென்ட்டில் சம்ப் கழுவி ப்ளீச்சிங் பவுடர் போட்ட வாரத்தில் தண்ணீர் மாற்றி மீன் செத்த கதை ஏராளம். நோட்டீஸ் போர்டைப் பாருங்கள், இல்லையென்றால் வாட்ச்மேனைக் கேளுங்கள். சம்ப் கழுவிய இரண்டு மூன்று நாளைக்குத் தொட்டிப் பக்கம் போகாதீர்கள்.

குளோரினை நீக்க ஒரு வாளியில் ஒரு நாள் முழுக்கக் காற்றோட்டத்தோடு வைக்கலாம். அவசரமென்றால் சோடியம் தயோசல்பேட். கடையில் ஆன்டி குளோரின் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஒரு மில்லிகிராம் குளோரினுக்கு ஏழு மில்லிகிராம் படிகம் வேண்டும். 100 லிட்டருக்கு ஒன்றரை கிராம் போட்டால் வழக்கமான அளவுக்குத் தாராளம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை. கப்பிக்கும் மாலிக்கும் கடினத் தண்ணீர் ஒத்துப்போகும். ஆனால் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, சில இடங்களில் இரும்பும் முட்டை நாற்றமும் சேர்ந்தே வரும். நேராக ஊற்றாமல் ஒரு ராத்திரி ஏர் பம்ப் ஓட்டி வைத்திருந்து ஊற்றுங்கள்.

தனி ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம். அதில் தாது உப்பு ஏறக்குறைய இல்லாததால் பி.எச்.-ஐப் பிடித்து நிறுத்த ஒன்றும் இருக்காது. வேண்டுமானால் போர் தண்ணீரோடு கலக்கலாம்.

ஒரு வருடமாக நன்றாக இருந்த தொட்டி. தண்ணீர் குறையும்போது மட்டும் நிரப்புவோம். போன வாரம் ஆசையாகப் பாதித் தண்ணீர் மாற்றினோம். மறுநாள் எல்லாம் காலி. நல்லது செய்யப்போய் இப்படியா?

மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். பார்க்கிறவர்கள் “தண்ணீர் மாற்றியதால்தான் செத்தது, மாற்றாமல் இருந்தாலே நல்லது” என்று தப்பான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

உள்ளே நடந்தது வேறு. பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகிறது, தண்ணீரில் உள்ள கார்பனேட் அதைச் சமன்செய்து தீர்ந்துபோகிறது. ஆவியான தண்ணீரை மட்டும் நிரப்பினால், அந்த இழப்பை அது முழுக்க ஈடுகட்டுவதில்லை. கார்பனேட் தீர்ந்ததும் பி.எச். 6-க்குக் கீழே இறங்குகிறது. அந்த அளவில் பாக்டீரியா கிட்டத்தட்ட வேலைநிறுத்தம் செய்துவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும், ஆனால் பி.எச். குறைவாக இருப்பதால் ஏறக்குறைய எல்லாமே விஷமற்ற வடிவில் தூங்கிக்கொண்டிருக்கும். மீனும் மெல்ல மெல்லப் பழகிவிடும். இந்த நேரத்தில் பி.எச். 8 உள்ள புதுத் தண்ணீர் பாதியை ஊற்றினால், தூங்கிய அம்மோனியா மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

அதனால் கவனிக்காமல் விட்ட தொட்டியை மீட்க ஒரு நாளைக்குப் பத்து சதவீதம் மட்டும், இரண்டு வாரம். பி.எச். பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மீன் குறைவான, செடி அதிகமில்லாத தொட்டி பல மணி நேரம் தாங்கும். நெரிசலான தொட்டி வெயில் காலத்தில் ஒன்றிரண்டு மணியிலேயே திணறும். டிசம்பர் புயல் சமயத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாத ஊர் இது, பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

பலர் கவனிக்காதது ஃபில்டரை. மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் தண்ணீர் நின்றுவிட்டால் உள்ளே உள்ள பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகும், அழுகிய தண்ணீர் அதற்குள் சேரும். பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும் அது அப்படியே தொட்டிக்குள் கொட்டும். நீண்ட நேரம் நின்றிருந்தால் கழற்றி, உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசி மறுபடி மாட்டுங்கள்.

மே மாதம் தண்ணீர் 33 டிகிரிக்குப் போகிறது. ஐஸ் போடலாமா?

நேராகப் போடாதீர்கள். சூடு ஏற ஏறத் தண்ணீர் தாங்கும் ஆக்சிஜன் குறைகிறது: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம், 32-இல் 7.3. அதே நேரம் மீனுக்குத் தேவை கூடுகிறது. மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின்மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னைப் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவாகவே இறங்கும் என்பது வேறு விஷயம். தொட்டி விளக்கை அணையுங்கள். மிகவும் மோசமென்றால் மூடிய பாட்டிலில் உறைந்த தண்ணீரை மிதக்க விடுங்கள், ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்காமல்.

கொசு மருந்தால் மீன் சாகுமா?

சாகும். நம் வீடுகளில் யாரும் சந்தேகப்படாத கொலையாளி இதுதான் என்பது என் கணிப்பு. கொசு ஸ்ப்ரே, கரப்பான் ஸ்ப்ரே, செருகி வைக்கும் லிக்விட் எல்லாவற்றிலும் பைரித்ராய்டு வகை ரசாயனம். மனிதருக்கு அதிகம் தீங்கில்லாத அளவே மீனுக்குக் கொடிய நஞ்சு. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

தொட்டி உள்ள அறையில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். தெருவில் மாநகராட்சி புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் திறந்து பம்பைப் போடுங்கள். மீன் திடீரென்று துள்ளி, சுழன்று, நடுங்கிச் செத்தால் இதை முதலில் யோசியுங்கள். உடனே பாதித் தண்ணீர் மாற்றம், ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன். பெயின்ட், கரையான் மருந்து அடிக்கும்போதும் இதே எச்சரிக்கை.

உடம்பெல்லாம் ரவை தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி. இரண்டு நாள் மருந்து போட்டதும் போய்விட்டது, அடுத்த வாரம் இரு மடங்காக வந்துவிட்டதே?

வெள்ளைப் புள்ளி நோயின் குணமே அது. இக்தியோஃப்தீரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் வளர்கிறது, அதுதான் நாம் பார்க்கும் புள்ளி. முற்றியதும் மீனைவிட்டு உதிர்ந்து அடிக்கல்லில் ஒட்டி, உறைக்குள் நூற்றுக்கணக்கான குட்டிகளாகப் பிரிகிறது. அவை நீந்தி வந்து மீனைத் தேடும். இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும்.

மருந்து கொல்வது நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் தொடாது. புள்ளி மறைந்தது மருந்தால் அல்ல, முற்றி உதிர்ந்ததால். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் குறைந்தது ஒரு வாரம் சிகிச்சையைத் தொடருங்கள்.

உப்பு போதும் என்பது என் கட்சி. லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு, ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு நாளில் பிரித்து, கரைத்து ஊற்றுங்கள். ஹீட்டர் இருந்தால் மெதுவாக 30 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், பல ரகங்கள் அந்தச் சூட்டில் பெருகவே திணறும். கூடவே காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். போஷியா, கோரி போன்ற அடியில் திரியும் மீன்கள் உப்பையும் மருந்தையும் குறைவாகவே தாங்கும், பாதி அளவில் தொடங்குங்கள். மலாக்கைட் கிரீன் வேலை செய்யும். ஆனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உணவு மீனுக்குத் தடை செய்யப்பட்ட சாயம் அது.

புள்ளியாக இல்லாமல் தங்கத்தூள் தூவியதுபோல் மெல்லிய மினுமினுப்பு இருந்தால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். விளக்கை அணைத்து வைப்பதும் அதில் சிகிச்சையின் பகுதி.

மாலியின் வாயில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருக்கிறது. பூஞ்சையா?

பெரும்பாலும் இல்லை. வாயோரத்தில் வெள்ளை, முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை, துடுப்பு கரைவது: இவை கொலம்னாரிஸ் என்ற பாக்டீரியா நோயின் அடையாளம். உண்மையான பூஞ்சை பழைய புண்ணின்மேல் நீண்ட இழைகளாக, மெதுவாக வளரும்.

பிரித்தறிவது ஏன் முக்கியம் என்றால், கொலம்னாரிஸ் சூட்டில் வேகமெடுக்கும். வெள்ளைப் புள்ளி என்று நினைத்து 30 டிகிரிக்கு ஏற்றினால் ஒன்றிரண்டு நாளில் தொட்டியே காலியாகலாம். மீனைத் தனியாக எடுங்கள், முடிந்தவரை வெப்பத்தைக் குறையுங்கள், நெரிசலைக் குறையுங்கள். பாக்டீரியாவுக்கான மீன் மருந்து தேவைப்படும். பூஞ்சை என்றால் தனி டப்பில் மெத்திலீன் ப்ளூ.

செதில் எல்லாம் விரிந்து நிற்கிறது, வயிறு ஊதியிருக்கிறது.

டிராப்ஸி. இது தனி நோய் இல்லை, சிறுநீரகம் கைவிட்டதன் அறிகுறி. செதில் விரிந்த பிறகு பிழைப்பது அபூர்வம். வயிறு மட்டும் ஊதி, செதில் படிந்திருந்தால் முட்டையோ மலச்சிக்கலோ இருக்கலாம், பதற வேண்டாம்.

கோல்டுஃபிஷ் தலைகீழாக மிதக்கிறது. ஆனால் உயிரோடு இருக்கிறது.

உருண்டை உடம்பு ரகங்களில் இது சகஜம். இரண்டு மூன்று நாள் தீனி நிறுத்துங்கள். பிறகு தோலுரித்து வேகவைத்த பட்டாணி கொடுங்கள், மிதக்கும் தீனிக்குப் பதில் மூழ்கும் தீனி. சில மீன்கள் அப்படியேதான் வாழும்.

கடையில் எதற்கெடுத்தாலும் நீல மருந்துதான் தருகிறார்கள். மெடிக்கலில் கேப்ஸ்யூல் வாங்கிப் போடச் சொல்கிறார் நண்பர். எது சரி?

நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. முட்டைகளுக்கும் பூஞ்சைக்கும் நல்லது. ஆனால் தொட்டிக்குள் ஊற்றினால் நைட்ரைட்டை மாற்றும் பாக்டீரியாவையும் அடிக்கும், சிலிக்கான் ஒட்டும் நீலமாகிவிடும். எப்போதும் தனி டப்பில்தான்.

மனிதருக்கான ஆன்டிபயாட்டிக்கைக் குத்துமதிப்பாகப் போடுவதற்கு நான் ஆதரவில்லை. எந்த நோய் என்றே தெரியாமல், அளவும் தெரியாமல் போட்டு, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவைத்தான் வளர்க்கிறோம். கால்நடை மருத்துவரிடமோ மீன்வளக் கல்லூரியிலோ ஆலோசனை கிடைத்தால் அது வேறு.

புது மீன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

சென்னையில் வண்ணமீன் கடைகள் குவிந்திருக்கும் கொளத்தூர் போனால் ஆசை கண்ணை மறைக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இன்னும் மோசம். மீனைப் பார்ப்பதற்கு முன் அதே தொட்டியில் செத்தது கிடக்கிறதா என்று பாருங்கள். துடுப்பை மடக்கி வைத்திருப்பது, கல்லில் உடம்பைத் தேய்ப்பது, ஒரு பக்கச் செவுளை மட்டும் அசைப்பது இருந்தால் வேண்டாம். குளத்தில் வளர்த்த கோல்டுஃபிஷ், கோய் வாங்கினால் நூல்போல் தொங்கும் நங்கூரப் புழுவும் தட்டையான மீன் பேனும் உண்டா என்று தேடுங்கள். அப்புறம் “டேங்க் கிளீனர்” என்று விற்கும் உறிஞ்சுவாய் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யாது. அது தின்று கழிக்கும் அளவுக்கு நீங்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் இருபது லிட்டர் பிளாஸ்டிக் டப்பில், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். தனி வலை, தனி டியூப். கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

கூரியரில் வரும் மீனுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நீண்ட பயணத்தில் பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறும், அம்மோனியா விஷமாகும். திறந்த பையில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலப்பது இங்கே கெடுதல். மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் வலையால் எடுத்து டப்பில் விட்டுவிடுங்கள்.

தொட்டியிலிருந்து நமக்கு நோய் வருமா?

அரிதாக வரும். மீன்களில் காசநோய் போன்ற ஒன்றை உண்டாக்கும் மைகோபாக்டீரியம் மெரினம், கையில் உள்ள வெட்டுக்காயம் வழியாகப் புகுந்து, சில வாரம் கழித்து ஆறாத சிவந்த கட்டியாக வெளிப்படும். மீன்கள் மாதக்கணக்கில் மெலிந்து, முதுகு வளைந்து ஒவ்வொன்றாகச் சாகிற தொட்டியில் வெறும் கை விடாதீர்கள். டியூபை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விடுங்கள். கையில் அப்படிக் கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் மீன் தொட்டி இருப்பதை நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

பிழைக்காது என்று தெரிந்த மீனை என்ன செய்வது?

கிராம்பு எண்ணெய். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். சின்ன பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்து நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 0.4 மி.லி. கணக்கில் தனிப் பாத்திரத்தில் மெதுவாகக் கலந்து மீனை விடுங்கள். மயங்கிச் சாயும். செவுள் அசைவு நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே இருக்கட்டும். ஃப்ரீசரில் உயிரோடு வைப்பதும் கழிப்பறையில் ஊற்றுவதும் கருணை அல்ல. செத்ததைப் புதைத்துவிடுங்கள்.

உயிருள்ளதை ஏரியிலோ கிணற்றிலோ விடவும் கூடாது. சென்னை ஏரிகளில் டேங்க் கிளீனர்கள் பெருகிக் கிடப்பதற்கு இப்படி விட்டதும் ஒரு காரணம்.

எல்லாம் செத்துவிட்டது. தொட்டியை மறுபடி எப்போது தொடங்கலாம்?

எதனால் செத்தது என்பதைப் பொறுத்தது. ஆக்சிஜன் குறைவு, சூடு என்றால் ஃபில்டரைக் கழுவ வேண்டாம். பாதித் தண்ணீர் மாற்றி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு இரண்டு மூன்று மீனோடு தொடங்கலாம். வெள்ளைப் புள்ளி என்றால் மீன் இல்லாமல் இரண்டு வாரம் ஃபில்டரை ஓடவிட்டாலே நம் ஊர்ச் சூட்டில் ஒட்டுண்ணி தானாக அழியும். பாக்டீரியா பட்டினியாகாமல் ஒரு சிட்டிகை தீனியை அவ்வப்போது போட்டு வையுங்கள். பூச்சிமருந்து என்றால் கல், பஞ்சு, ஏர் டியூப் மூன்றையும் மாற்றுங்கள், சிலிக்கான் ட்யூபில் ஊறியது சுலபமாகப் போகாது. மீன் காசநோய் சந்தேகமென்றால் கல்லையும் பஞ்சையும் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடியைக் கையுறையோடு கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். அதன் பிறகு பாக்டீரியாவுக்கான அந்த நான்கு முதல் ஆறு வாரக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.